‘மன உறுதி’ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டுவடத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த ஒருவர் உடற்பயிற்சியால் மனச்சோர்விலிருந்து மீண்ட கதையைத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் படித்தோம். யாரும் அதிகம் பேசாத பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் வரிக்கு வரி ‘மன உறுதி’ வந்த அந்தக் கட்டுரையில் சிறுநீர்ப்பை, தோல், தோள்பட்டை என்ற சொற்கள் ஓரிடத்திலும் வரவில்லை. போதாக்குறைக்கு, கூடவே வெளியான படத்தில் ஒரு பெரிய தவறும் இருக்கிறது.

படத்திலிருந்தே தொடங்குகிறோம். அவருக்குக் கழுத்தில் சி6 மட்டத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்தில், காயம் என்கிறது கட்டுரை. படத்தில் அவர் பாயில் உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் பின்பக்கம் தட்டையாக ஊன்றி, விரல்களை விரித்து நீட்டி உடலைத் தாங்குகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்யக் கூடாது. சி6 காயத்தில் மணிக்கட்டை மேலே தூக்கும் தசைக்கு உயிர் இருக்கும், விரல்களை மடக்கும் தசைகளுக்கு இருக்காது. ஆனால் மணிக்கட்டைத் தூக்கியதும் விரல் மடக்கும் தசைநாண்கள் நீளம் பற்றாமல் இழுபடும். விரல்கள் தாமாகவே மடங்கும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். டெனோடெசிஸ் பிடி என்று இதைச் சொல்வார்கள். ஸ்பூன், டம்ளர், பல் துலக்கும் பிரஷ், சிறுநீர் எடுக்கும் குழாயான கதீட்டர் எல்லாவற்றையும் அவர் பிடிப்பது இந்தப் பிடியில்தான். மணிக்கட்டும் விரல்களும் ஒருசேர நிமிர்ந்திருக்கும்போது அதன் மேல் உடல் எடையை ஏற்றினால், அந்தத் தசைநாண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு தொளதொளத்துவிடும். பிறகு மணிக்கட்டை எவ்வளவு தூக்கினாலும் விரல் மடங்காது. சில மாதப் ‘பயிற்சி’யில் தன் கையால் சாப்பிடும் திறன் போய்விடலாம். கையை ஊன்றத்தான் வேண்டும் என்றால் விரல்களை மடக்கி, முஷ்டியாக ஊன்ற வேண்டும். வீட்டில் ஒருவர் கைக்கு அசைவு கொடுக்கும்போதும் இதே கணக்குதான்: விரல்களை நீட்டினால் மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டைத் தூக்கினால் விரல்களை மடக்கிவிடுங்கள்.

ஒரு படத்துக்கு இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. மனம் தளர்ந்ததால் பயிற்சி நின்றுபோயிற்று என்று வீட்டார் சொல்லும் பல இடங்களில் நடந்தது நேர்மாறாக இருக்கும். தோள் வலித்தது, அல்லது உட்காரும் இடத்தில் தோல் உரிந்தது, அல்லது பயிற்சியின் நடுவே ஆடை நனைந்து அவமானமாகப் போயிற்று. முதலில் பயிற்சி நின்றது. மனம் தளர்ந்தது அதற்குப் பின்னால். அந்த நிலையில் அவரிடம் போய் மன உறுதியைப் பற்றிப் பேசினால், தோற்றுவிட்டோம் என்ற எண்ணம்தான் கூடும்.

தண்டுவடக் காயம் பட்டவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேரிடம் மருத்துவ கவனம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2013-ல் கூறியது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது அதிகம். அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பான்மையோருக்கு மனச்சோர்வு இல்லை. ‘இவ்வளவு பெரிய அடி விழுந்தவர் சோர்ந்துதானே இருப்பார்’ என்று விட்டுவிடுவது அதனால்தான் ஆபத்து. அது இயல்பான துக்கமா, சிகிச்சை வேண்டிய நோயா என்று யாரும் கேட்பதே இல்லை.

உடற்பயிற்சி இதில் உதவுமா? உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடக் காயம் பட்ட 34 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் 9 மாதங்கள், வாரம் இருமுறை, கைகளால் சுற்றும் சைக்கிளும் பளுப் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை கூடியது. வலியும் மன அழுத்தமும் சோர்வும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. வலியும் அழுத்தமும் குறைந்த வழியாகவே மனநிலை தேறியதாக அந்தக் குழுவினர் விளக்கினார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. மேற்பார்வையோடு நடந்த பயிற்சி முடிந்த 3 மாதங்களில், வருபவர்கள் பாதிக்குப் பாதியாகக் குறைந்தார்கள், வலி திரும்பியது. ஆக, ஒரு முறை மீண்டால் மீண்டதுதான் என்பதில்லை. வாரந்தோறும் தொடர்ந்தால்தான் பலன்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு 2018-ல் சர்வதேச அறிவியல் குழு ஒன்று தண்டுவடக் காயத்துக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. உடல் தகுதிக்குக் குறைந்தபட்சம் வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், மூச்சு வாங்க வைக்கும் அளவுக்குப் பயிற்சி. அதோடு வாரம் இரண்டு நாள், இயங்குகிற ஒவ்வொரு முக்கியத் தசைக் கூட்டத்துக்கும் மூன்று சுற்று வலுப் பயிற்சி. இதயம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தால், மூச்சு வாங்கும் பயிற்சி வாரம் மூன்று நாள், 30 நிமிடம். அவ்வளவுதான். தினம் இரண்டு மணி நேரம் என்று தங்கள் கட்டுரை எழுதியதைப் படித்துவிட்டு, ‘நம்மால் ஆகாது’ என்று கைவிட்டவர்கள் இருப்பார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த 20 நிமிடமும் வேண்டாம். முதல் வாரம் 5 நிமிடம், அதையும் இடையில் ஓய்வெடுத்துச் செய்யலாம். வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டினால் இரண்டு மாதத்துக்குள் இலக்கு வந்துவிடும். சமதளத்தில் நாற்காலியை வேகமாகத் தள்ளுவது, கைச் சைக்கிள், நீச்சல், உட்கார்ந்தபடியே காற்றில் குத்துவது, எதுவானாலும் சரி. விரலில் பிடி இல்லாதவர்களின் கையைக் கைப்பிடியோடு பட்டையால் கட்டலாம். கட்டினால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை அவிழ்த்துத் தோலைப் பாருங்கள், ஏனென்றால் அவருக்கு அது உரசுவது தெரியாது. வலுப் பயிற்சிக்கு எலாஸ்டிக் பேண்ட் போதும். ஒரு சுற்றுக்கு 8 முதல் 10 முறை இழுக்க வேண்டும். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் பேண்டின் கடினம் சரி. சுற்றுக்கிடையில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு.

கையில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைப் பலர் நம்பி ஏமாறுகிறார்கள். இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் மேல் பாகத்திலிருந்து வருகின்றன. கழுத்தில் முழுமையான காயம் என்றால் அந்த வழி அடைபட்டிருக்கும். எவ்வளவு பாடுபட்டாலும் துடிப்பு பெரும்பாலும் 110 முதல் 130-க்கு மேல் ஏறாது. ‘220-லிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கை வைத்துக்கொண்டு, இலக்கை எட்டவில்லையே என்று இன்னும் வேகப்படுத்தினால் ஆள் சுருண்டுவிடுவார். அவரையே கேளுங்கள்: 0 சும்மா இருப்பது, 10 இதற்கு மேல் முடியவே முடியாது. 5, 6 என்றால் மிதம்; 7, 8 என்றால் கடினம். பேச முடியும், பாட முடியாது என்றால் மிதமான வேகத்தில் இருக்கிறார் என்று பொருள்.

இனி, கட்டுரையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய பகுதி. நெஞ்சுப் பகுதியில் ஆறாவது மட்டத்திலோ, அதாவது டி6-லோ, அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்ற அவசர நிலை வரலாம். காயத்துக்குக் கீழே ஏதோ ஒரு தொந்தரவு: பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, அடுத்தபடியாக மலச்சிக்கல், அப்புறம் புண், சதைக்குள் வளர்ந்த நகம், இறுகிய பட்டை, தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட சாவிக்கொத்து. மூளைக்குச் செய்தி போகாது. ஆனால் தண்டுவடம் தானாகவே கீழ் உடலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி பி.பி.யை மளமளவென்று ஏற்றும். தலை விண்விண்ணென்று தெறிக்கும், முகமும் கழுத்தும் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்க்கும், மூக்கு அடைக்கும், நாடி மெதுவாகும். பயிற்சியின் உழைப்பால் சிவந்திருக்கிறார் என்று நினைத்துத் தொடர்ந்தால், மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகும்.

பார்த்த உடனே வீட்டார் செய்வது அவரைப் படுக்க வைப்பது. அதுதான் இங்கே செய்யவே கூடாதது. நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைக் கீழே தொங்கவிடுங்கள். வயிற்றுப் பட்டை, பெல்ட், காலில் கட்டிய சிறுநீர்ப் பையின் பட்டை, ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். நிரந்தரச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் சிறுநீர்ப்பை முதல் பை வரை விரலால் தடவிப் பாருங்கள்: எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா. அவ்வப்போது குழாய் விட்டு எடுப்பவர் என்றால் உடனே எடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பி.பி. பாருங்கள். காரணம் கிடைக்காமலோ, மேல் அளவு 150-க்குக் கீழே இறங்காமலோ இருந்தால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கழுத்துக் காயம் பட்டவர்களுக்குச் சாதாரண நாளிலேயே மேல் அளவு 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே அவரவரின் வழக்கமான அளவிலிருந்து 20 ஏறினாலே சந்தேகப்பட வேண்டும். ‘130 தானே, பரவாயில்லை’ என்று அவசரப் பிரிவில் திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதால், வழக்கமான பி.பி. எவ்வளவு, இந்த நிலையின் பெயர் என்ன, எந்த மட்டத்தில் காயம் என்று ஒரு அட்டையில் எழுதி நாற்காலிப் பையில் வைத்திருப்பது நல்லது. ஆண்மைக்குறைவுக்கு மாத்திரை எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும், பி.பி.யை இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் பி.பி. பாதாளத்துக்குப் போகும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் அதே ஆளுக்கு வரும். பயிற்சி முடிந்ததும் பி.பி. சரிந்து, முகம் வெளுத்து, கண் இருட்டி, கொட்டாவி விடுவார். இங்கே நாற்காலியோடு பின்னுக்குச் சாய்த்துக் காலை உயர்த்த வேண்டும். முகம் சிவந்து தலை தெறித்தால் நிமிர்த்து; வெளுத்துத் தலை சுற்றினால் சாய். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியது இந்த ஒன்று. சட்டென்று நிறுத்தாமல் கடைசி 5 நிமிடம் மெதுவாகச் சுற்றி முடித்தால் இந்தச் சரிவு குறையும்.

வெப்பத்தையும் சொல்லியாக வேண்டும். காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது நின்றோ மிகக் குறைந்தோ இருக்கும். கழுத்துக் காயத்தில் உடலில் பெரும்பகுதி வியர்க்காது. உடம்பு உலர்ந்திருப்பதால் சூடு ஏறுவது வெளியே தெரியாது. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்து முகத்திலும் கையிலும் அடிப்பது, கழுத்தில் ஈரத் துண்டு, ஒரு மின்விசிறி ஆகியவை போதும். சிறுநீர் அதிகம் வருமே என்று தண்ணீர் குடிக்காமல் பயிற்சிக்கு வருகிறார்கள். குடித்துவிட்டு, தொடங்கும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு வருவதே சரி.

தோள்பட்டைக்கு வருவோம். நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்தான் கால். தள்ளுவது, இடம் மாறுவது, எட்டி எடுப்பது எல்லாம் அதன் தலையில் விழுகிறது. தள்ளுவதால் முன்பக்கத் தசைகள் வலுத்து இறுகும். பின்பக்கத் தசைகள் பின்தங்கும். தோள் முன்னால் உருண்டு, மேலே உள்ள தசைநாண் எலும்புக்கிடையில் நசுங்கும். அதனால் பயிற்சியில் தள்ளுவதைவிட இழுப்பதற்கே அதிக இடம் வேண்டும். கதவுக் கைப்பிடியில் பேண்டைக் கட்டி, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்கும்படி பின்னால் இழுப்பது ஒன்று. முழங்கையை 90 பாகை மடக்கி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புவது இன்னொன்று. துண்டு நழுவி விழுந்தால் செய்முறை தவறு. முடிவில் மார்புத் தசைக்கு அரை நிமிட நீட்சி. மறுநாள் வரைக்கும் தங்கும் வலியோ, படுத்தால் வருகிற வலியோ இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். ‘வலித்தால்தான் பலன்’ என்ற ஜிம் வசனத்தை இங்கே கொண்டு வரக் கூடாது.

ஆனால் பல தோள்கள் கெடுவது பயிற்சியில் இல்லை, நாற்காலியில். டயரில் காற்று குறைந்திருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் கூடுதல் பலம் செலவாகும். பெரிய சக்கரத்தின் அச்சு ரொம்பப் பின்னால் இருந்தாலும் அப்படித்தான். பின்பக்கம் கவிழாத அளவுக்கு அதை முன்னே நகர்த்த வேண்டும். சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் வளையத்தின் உச்சியில் கை வைக்கும்போது முழங்கை 100 முதல் 120 பாகை வரை விரிந்திருந்தால் இருக்கையின் உயரம் சரி. தள்ளும்போது குட்டிக் குட்டியாகத் தட்டாமல், பின்னாலிருந்து நீளமாக ஒரு தள்ளு. தள்ளி முடித்ததும் கை வளையத்துக்குக் கீழே தொங்கி, ஊஞ்சல் மாதிரி பின்னுக்கு வர வேண்டும். ஒரு ஸ்பேனரும் காற்றடிக்கும் பம்பும் செய்கிற வேலையை எந்த ஊக்கப் பேச்சும் செய்யாது.

தோலைப் பொறுத்தவரை, உட்காரும் எலும்புகள், வால் எலும்பு, குதிகால் ஆகிய மூன்று இடங்களையும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் 30 நிமிடத்தில் மறையவில்லை என்றால் அது மறையும் வரை அந்த இடத்தில் எடை விழக் கூடாது. ஜிம் பெஞ்சுக்கோ படகுக்கோ மாறும்போது நாற்காலியின் குஷனையும் கூடவே கொண்டுபோங்கள். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் எடையை இறக்க வேண்டும். கையை ஊன்றி உடலைத் தூக்கும் பழைய முறையில் சில நொடிக்கு மேல் நிற்க முடியாது, தோளுக்கும் கேடு.

கால் எலும்புகள் மெலிந்திருக்கும் என்பதால் முழங்காலைப் பலமாக மடக்குவதும் முறுக்குவதும் வேண்டாம். வலி தெரியாத காலில் திடீர் வீக்கம், சூடு, அல்லது தசை இறுக்கம் கூடினால் எலும்பு முறிவா என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று, கொஞ்சம் கசப்பானது. பல வீடுகளில் பயிற்சி என்றால் வேறொருவர் காலைப் பிடித்து மணிக்கணக்கில் ஆட்டுவது. மூட்டு இறுகாமல் இருக்க அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் இதயமும் நுரையீரலும் அதில் வேலை செய்வதில்லை. இயங்குகிற கைகளோ சும்மா கிடக்கின்றன. நடந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் மட்டும் நடத்தப்படும் பயிற்சி, நடை வராதபோது அப்படியே நின்றுபோகும். நம்பிக்கையும் அதோடு உடையும். இலக்கைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, சரிவுப் பாதையில் நிற்காமல் ஏறுவது என்று வைத்தால், எட்டியதும் எட்டாததும் கண்ணுக்குத் தெரியும். தண்டுவடக் காய மருத்துவர் லுட்விக் குட்மன் 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனை வளாகத்தில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தியதிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. வில்லை இழுக்க முதுகின் மேற்பகுதியும் தோளும் வேலை செய்ய வேண்டும்; குறி தப்பினால் தப்பியதுதான், பரிதாபப்பட்டு யாரும் மதிப்பெண் தருவதில்லை. அந்தப் பரிதாபமின்மைக்கு மனதைத் தேற்றும் குணம் உண்டு என்று நினைக்கிறோம்.

ஒரு நோட்டில் நான்கு எண்கள் எழுதச் சொல்லுங்கள்: பயிற்சி எத்தனை நிமிடம், வலி எவ்வளவு, முந்தைய இரவுத் தூக்கம் எத்தனை மணி நேரம், மனநிலை 0 முதல் 10-க்குள் எங்கே. நான்கு வாரம் கழித்துப் புரட்டினால், எந்த நாளில் மனம் விழுந்தது, அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியும். பல சமயம் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கும்.

அதே நேரம் பயிற்சி மட்டுமே மருந்து ஆகிவிடாது. இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் நாட்டமில்லாமல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கக் குறைவும் களைப்பும் பசியின்மையும் காயத்தாலேயே வரலாம் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நாட்டம் போய்விட்டதா என்பதே சரியான கேள்வி. மனச்சோர்வு மருந்துகளில் சில, சிறுநீர் இறங்குவதைத் தடுக்கும், பி.பி.யையும் இறக்கும், ஆகவே காயத்தின் மட்டத்தையும் சிறுநீர் எடுக்கும் முறையையும் மனநல மருத்துவரிடம் சொல்லியே தொடங்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால், அன்றைக்கு அவரைப் பயிற்சிக்கு அழைக்காதீர்கள். தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை எழுதும் நிருபர், காயம் எந்த மட்டம், வாரத்துக்கு எத்தனை நிமிடம், யார் மேற்பார்வை, இடையில் எதனால் பயிற்சி நின்றது என்ற நான்கையும் கேட்டு எழுதட்டும். அதற்கு முன்பாக அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கோ ஒரு வீட்டில், சி6 காயம் பட்ட ஒருவர் இன்று காலை விரல்களை விரித்து ஊன்றிப் பார்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
தண்டுவடக் காய மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள் இருவர்